சாகாத அரசன் வாசித்த பெயர்கள்

என் மேசை இழுப்பறையில் நாற்பத்தொரு பெயர்கள் அச்சிட்ட தாள் ஒன்று இருக்கிறது. பஞ்சர் கடை பாய், வளையல்கார நன்னி, டியூஷன் அக்கா, பேசாத மாரி என்று போகும். அவர்களில் ஒருவரையும் நான் பார்த்ததில்லை. மதுரையில் கணினி விளையாட்டு தயாரிக்கும் சிறிய நிறுவனத்தில் நான் சோதனையாளராகச் சேர்ந்தபோது, அங்கே கதை எழுதிக்கொண்டிருந்த, நான் அண்ணன் என்று கூப்பிட்ட ஒருவரின் தாள் அது. ஆட்டத்தை ஆடிப் பார்த்துப் பிழைகளை வரிசையாக எழுதிக் கொடுப்பது என் வேலை.

அண்ணன் உருவாக்கிய வில்லன் ஒரு சாகாத அரசன். அவனுடைய நகரம் எப்போதோ அழிந்துவிட்டது. அதன்மேல் வேறு மக்கள் ஊர் கட்டி வாழ்கிறார்கள். அவர்களை ஒழித்தால் தன் மக்கள் திரும்பி வருவார்கள் என்று நம்புகிறான். ஆட்டக்காரர் முதலில் தன் ஊர்க்காரர் ஒவ்வொருவருக்கும் பெயர் வைக்க வேண்டும். பிறகு அரசனைக் கொல்லப் போக வேண்டும். அரண்மனைக்குள் நுழைந்ததும் அரசன் மாண்டவர்களின் பெயர்களை வாசிக்கத் தொடங்குவான். ஆறு நிமிடம்.

"அண்ணே, இவன் வாசிச்சு முடிக்கிறதுக்குள்ள நமக்கு வயசாயிரும்" என்றேன்.

"அவனுக்கு ஆகாதுல்ல தங்கச்சி" என்று சிரித்தார்.

நான் பட்டியலில் எழுதினேன்: காத்திருப்பு மிக அதிகம், குறைக்கவும். மேலிடம் எல்லாப் பெயர்களையும் நீக்கச் சொன்னது. அவர் மறுபேச்சில்லாமல் நீக்கினார்; 'எங்கள் ஊர் அழிந்தபோது நீங்கள் என்ன செய்தீர்கள்?' என்று அரசன் கேட்கும் வசனம் மட்டும் மிஞ்சியது. கோரிப்பாளையத்துக்குப் பின்னால் சாலைக்காக இடிக்கப்பட்ட ஒரு சந்தில் அவர் வளர்ந்தார் என்பதும், அவை அந்தச் சந்து மனிதர்களின் பெயர்கள் என்பதும் எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

வெளியீட்டுக்கு நான்கு நாள் முன்பு, கடைசிச் சோதனையில் அரசனைக் கொன்றுவிட்டு ஊருக்குத் திரும்பினேன். ஊர் அப்படியே இருந்தது, ஆட்களும் நடமாடினார்கள். நான் வைத்த பெயர் ஒருவருக்கும் இல்லை. பிழை என்று நினைத்து அவரிடம் போனேன்.

"பிழை இல்ல. நாந்தான் வச்சேன்."

"ஆடுறவங்க என்னண்ணே செஞ்சாங்க?"

"ஒன்னும் செய்யல. எங்க சந்த இடிச்சப்பவும் அம்புட்டுப் பேரும் வேடிக்க பாத்தாங்க, ஒருத்தனும் ஒன்னும் செய்யல. அதத்தான அந்த ராசாவும் கேக்குறான்?"

குரலில் கோபமே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. ஆயினும் என் வேலையைச் செய்தேன். பட்டியலில் ஒரு வரி சேர்த்தேன். அந்த வாரமே அவரை அனுப்பிவிட்டார்கள். எங்கள் பக்கம் கிளம்புகிற யாரும் 'வாரேன்' என்றுதான் சொல்வார்கள். அவர் என் மேசைக்கு வந்து, தாளை வைத்து, "போறேன்" என்றார்.

போன மாதம், சோழவந்தான் போகும் வழியிலுள்ள எங்கள் வீட்டுச் சுவரில் சாலைக்கு அளவெடுக்க வந்தவர்கள் சிவப்புப் பெயிண்டால் ஓர் எண் எழுதிப் போனார்கள். எங்கள் வரிசை முழுக்க எண்கள். அடுத்த தெருக்காரர்கள் நின்று பார்த்தார்கள். பிறகு கலைந்து போனார்கள்.

இந்த வாரம் ஒரு புகார் வந்தது. அரசனைக் கொன்றபின் ஊராரின் பெயர்கள் காணாமல் போகின்றன என்று ஒரு பெண் எழுதியிருந்தாள். தேடிப் பார்த்தேன். அவர் அதை இரண்டு இடங்களில் வைத்திருக்கிறார். நான் கண்டுபிடித்துச் சொன்னது ஒன்றைத்தான். மற்றது, அரசன் வாய் திறக்குமுன்பே வெட்டுகிறவர்களுக்கு மட்டும் நேர்வது. வசனம் முழுவதையும் ஓடவிட்டே சோதிக்கும் என் கண்ணில் அது படவே இல்லை. அவருக்கு என் பழக்கம் தெரியும்.

திருத்துவதற்குப் பத்து நிமிடம் போதும். மூன்று நாளாகிறது; பட்டியலில் அந்த வரியை நான் இன்னும் எழுதவில்லை. இன்று தாளை வெளியே எடுத்தேன். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. பேனாவைத் திறந்து, பக்கத்து வீட்டு மாவு மில் அத்தையின் பெயரை முதலில் எழுதினேன்.