திரைக்கு உள்ளே ஒரு பேச்சு

எங்க தெருவுல சலூன்காரர் பொண்டாட்டியை எல்லாரும் ஊமையம்மான்னுதான் கூப்பிடுவாங்க. அவளுக்குன்னு ஒரு பேர் இருந்திருக்கும். யாரும் கேட்கல, கேட்டாலும் அவ எப்படிச் சொல்வா? குழாயடியில தலையை ஆட்டுவா, சிரிப்பா, அதோட சரி. "கொடுத்து வச்சவன்யா நீ, வாயில்லாத பொண்டாட்டி"ன்னு முடிவெட்ட வர ஆம்பளைங்க சலூன்காரரைக் கிண்டல் பண்ணுவாங்க. எனக்குப் பத்திக்கிட்டு வரும்.

நான் பக்கத்துக் கடை தையல்காரி. என் வாய்க்குப் பூட்டு கிடையாதுன்னு தெருவுக்கே தெரியும். ரெண்டு கடைக்கும் நடுவுல ஒரு பலகைச் சுவர்தான். முன்னால கடை, பின்னால குடியிருக்கிற அறை, ரெண்டு பக்கமும் ஒரே அமைப்பு. அங்கே கரண்டி விழுந்தா இங்கே நான் திரும்பிப் பார்ப்பேன்.

ஆத்துப் பாலத்தை மூடின கொஞ்ச நாள்ல அவங்க ரெண்டு பேரும் இந்தத் தெருவுக்குக் குடிவந்தாங்க. அக்கரைக்காரங்க யார் எங்கே இருந்தாலும் லாரியில வந்து ஏறணும்னு மைக் வச்சு அறிவிச்சிட்டுப் போன சமயம் அது. ஏறினவங்க நல்லா இருக்காங்கன்னு சொன்னாங்க. எங்கே இருக்காங்கன்னு சொல்லல. ஒருத்தர்கிட்டருந்தும் ஒரு சேதி வரல.

முகத்தைப் பார்த்து அக்கரையா இக்கரையான்னு சொல்ல முடியாது. அதே உடம்பு, அதே துணி, அதே பாஷை. வாயைத் திறந்தாதான் தெரியும். நாம ஒரு பேச்சை முடிக்கிறப்போ குரலைக் கீழே இறக்கி வைப்போம், அவங்க மேலே தூக்கி விட்டுடுவாங்க. இந்த ஒரு இழுவைதான் வித்தியாசம். இதைப் பிடிக்கிறதுக்குன்னே சம்பளம் கொடுத்து ஒருத்தரை வச்சிருந்தாங்க. காதுக்காரர்னு பேர். சந்தையில, பஸ் ஸ்டாண்டுல, ஆஸ்பத்திரி வாசல்ல போய் உட்காருவார். மெதுவா, மரியாதையாப் பேச்சுக் கொடுப்பார். அவர் உட்கார்ந்து எழுந்து போன இடத்துல மறுநாள் ஒரு வீடு பூட்டியிருக்கும்.

அவளுக்குக் குழந்தை பிறந்த கொஞ்ச நாள்ல, ஒரு மத்தியானம் மிஷின் ஊசி உடைஞ்சு நான் சும்மா உட்கார்ந்திருந்தேன். பலகைக்கு அந்தப் பக்கம் யாரோ பேசுற சத்தம். கிசுகிசுன்னு, பொம்பளைக் குரல். கைக்குழந்தையைக் கொஞ்சிக்கிட்டு இருக்கு. ஒவ்வொரு பேச்சும் கடைசியில மேலே போகுது.

ஊமையாவது கீமையாவது, அவ அக்கரைக்காரி. வாயைத் திறந்தா லாரிதான்னு வருஷக்கணக்கா மூடி வச்சிருக்கா. புருஷன்கிட்டகூடப் பேசாம இருந்துடலாம். பெத்த பிள்ளைகிட்டப் பேசாம எப்படி இருப்பா? பேசாம வளர்த்தா பிள்ளைக்குப் பேச்சு எங்கேருந்து வரும்?

நான் யார்கிட்டயும் சொல்லல. என் தங்கச்சிகிட்டகூடச் சொல்லல, அதுக்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அன்னையிலருந்து அந்தக் கிசுகிசுப்பு கேட்டா, துணி இல்லேன்னாலும் நூல் இல்லேன்னாலும் மிஷினை மிதிக்க ஆரம்பிச்சிடுவேன். கடகடன்னு ஓடும். என்ன அவசரம்னு தெருவுல போறவங்க கேட்பாங்க. அவசரம்தான்னு சொல்லுவேன்.

குழந்தை வளர்ந்துச்சு. பொண்ணு. நாள் பூரா பேசுறதால குருவின்னு கூப்பிட்டோம். அவ அப்பாவைக் கெட்டிக்காரர்னுதான் சொல்லணும். கடைக்கும் அறைக்கும் நடுவுல ஒரு பச்சைத் திரை, நான்தான் தைச்சுக் கொடுத்தேன். "திரைக்கு உள்ளே அம்மா பேச்சு, வெளியே அப்பா பேச்சு. மாத்தினா அம்மாவைத் தூக்கிட்டுப் போயிடுவாங்க"ன்னு பிள்ளைக்குச் சொல்லிச் சொல்லிப் பழக்கினார். ஆள் இருக்கிறப்போ பொண்டாட்டி திரையைத் தாண்டி வரவே கூடாதுன்னு வேற கட்டளை.

குருவி ஒரு தடவைகூடத் தப்பு பண்ணல. கடையில வந்தவங்ககிட்டல்லாம் அச்சு அசலா இக்கரைப் பேச்சு. திரைக்குள்ளே போனா அப்படியே அம்மா இழுவை. "வாயுள்ள பிள்ளை பிழைக்கும் அக்கா"ன்னு சலூன்காரர் என்கிட்டச் சொல்லிச் சிரிச்சார். எனக்கும் சந்தோஷம்தான். ஆனா ஒண்ணை நாங்க ரெண்டு பேரும் கவனிக்கல. திரைக்கு உள்ளேயும் அவ அப்பாகிட்ட அப்பா பேச்சுதான் பேசுவா. நானே எத்தனையோ தடவை கேட்டிருக்கேன், உறைக்கல. அவர் இடத்தைப் பார்த்துப் பேசச் சொல்லிக்கொடுத்தார். பிள்ளை ஆளைப் பார்த்துப் பேசப் பழகியிருக்கா.

காதுக்காரர் சவரத்துக்கு எங்க தெருவுக்கு வர ஆரம்பிச்சார். சலூன்காரர் வேணாம்னா சொல்ல முடியும்? நல்ல மனுஷன் மாதிரிதான் இருப்பார். குருவிக்கு மிட்டாய் கொடுப்பார், கதை கேட்பார். அவ லொடலொடன்னு பேசுவா. அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கிட்டே இருப்பார். அவர் போற வரைக்கும் நான் இந்தப் பக்கம் ஒரு தையல்கூட நேராப் போட்டதில்ல.

அன்னைக்கு நான் ஊமையம்மாவுக்குத் தைச்ச ரவிக்கையைக் கொடுக்கலாம்னு சலூன் படியில ஏறினேன். காதுக்காரர் நாற்காலியில சாய்ஞ்சிருந்தார், முகமெல்லாம் நுரை. ஒரு கன்னம் முடிஞ்சிருந்துச்சு. சலூன்காரர் கத்தி அவர் தொண்டைகிட்ட இருந்துச்சு. குருவி பெஞ்சு மேல ஏறிக் கண்ணாடி அலமாரியில பவுடர் டப்பாவை எடுக்கப் பார்த்தா. பெஞ்சு சாய்ஞ்சுடுச்சு. டப்பா, சீப்பு, பிள்ளை எல்லாம் தடால்னு கீழே. நெத்தி சிமெண்டுத் தரையில மோதின சத்தம் எனக்கே கேட்டுச்சு.

திரை விலகிச்சு. எந்தக் கட்டளை அந்தத் தாயை நிறுத்தும்? ஓடி வந்து பிள்ளையை வாரி எடுத்தா. ஒரு சத்தம் போடல, அப்பவும் அவ வாய் மூடித்தான் இருந்துச்சு. குருவி அம்மா முகத்தைப் பார்த்தா. "அம்மா, நெத்தி வலிக்குதும்மா, நான் ஒண்ணும் உடைக்கல"ன்னு அழுதா. சொன்னது அவ்வளவுதான். ஒவ்வொண்ணும் கடைசியில மேலே போச்சு.

அவ சட்டுனு பிள்ளை வாயைப் பொத்தினா. மிச்சம் மீதி இருந்த சந்தேகத்தையும் அந்தக் கை தீர்த்து வச்சிடுச்சு.

காதுக்காரர் அசையல. சலூன்காரர் கத்தியும் அசையல. அந்த ஒரு நிமிஷம் நான் என்ன வேண்டிக்கிட்டேன்னு சொல்ல மாட்டேன்.

"குழந்தை பயந்துடுச்சு. இந்தக் கன்னம் பாக்கி இருக்கு, முடிச்சிடுங்க"ன்னார் காதுக்காரர்.

சலூன்காரர் முடிச்சார். காதுக்காரர் முகத்தைத் துடைச்சுக்கிட்டு எழுந்தார். ரூபாயை மேஜை மேல வச்சார். குருவி கன்னத்தைத் தட்டி, "ரெண்டு பேச்சும் சுத்தமாப் பேசறியே, கெட்டிக்காரி"ன்னு சொல்லிட்டு என்னைத் தாண்டிப் படி இறங்கினார்.

புருஷனும் பொண்டாட்டியும் பையைக் கட்டிக்கிட்டுப் பிள்ளையோட பின்பக்கமாப் போயிடலாம்னு பார்த்தாங்க. அதுக்குள்ள தெருவோட ரெண்டு முனையிலயும் வண்டி நின்னுடுச்சு. வந்தவங்க அடிக்கல, திட்டல. புருஷன் இக்கரை, பிள்ளை இக்கரைக் கணக்கு, அவங்க இருக்கட்டும்னாங்க. அவளை மட்டும் வரச் சொன்னாங்க. என் வாசலைத் தாண்டுறப்போ செருப்பைச் சரிபண்ற மாதிரி குனிஞ்சா. என் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னா: "நீங்க மிஷினைச் சும்மா ஓட்டினதெல்லாம் எனக்குத் தெரியும் அக்கா."

அத்தனை வருஷத்துல என்கிட்ட அவ பேசினது அது ஒண்ணுதான்.

சலூன் இப்பவும் திறந்துதான் இருக்கு. காதுக்காரர் இப்பவும் வரார், அதே நாற்காலியில கழுத்தை நிமிர்த்திக் காட்டிக்கிட்டு உட்காரறார். சலூன்காரர் சவரம் பண்ணி விடறார். பச்சைத் திரையைக் கழட்டிட்டார். குருவி கடையில இருக்கிறதில்ல, பள்ளிக்கூடம் விட்டதும் என் மிஷின் பக்கத்துல வந்து உட்கார்ந்துக்கிறா. கேட்டதுக்குப் பதில் சொல்லுவா, எல்லாம் இக்கரைப் பேச்சு. அந்த இழுவையை மறுபடி நான் கேட்கவே இல்ல. பேசறதுக்கு ஆள் இல்லையே.

போன வாரம் எனக்கு மனசு தாங்கல. சுவர் வழியா அத்தனை வருஷம் கேட்டதாச்சே, எனக்கும் கொஞ்சம் வரும். மிஷினை நிறுத்தினேன். அவ தலையைத் தடவி, "சாப்பிட்டியா கண்ணு"ன்னு கேட்டேன். அவ அம்மா கேட்கிற மாதிரியே கடைசியில மேலே தூக்கிக் கேட்டேன்.

குருவி சட்டுனு எழுந்து என் வாயைப் பொத்தினா. பொத்தின கையை எடுக்காம வாசலைத் திரும்பிப் பார்த்தா. அப்புறம் இன்னொரு கையால மிஷின் சக்கரத்தைச் சுத்தி விட்டா.