பொத்தானில் செருகிய பச்சைக் காய்

வண்டி ஓட்டத் தெரியாத ஒரு பொத்தானுக்கு, ஓட்டுகிறவரை நிறுத்தும் அதிகாரம் எப்படி வந்தது? 1979இல் ஜீப் டிரைவர் காசிமாயன் கேட்ட கேள்வி இது.

போடிமெட்டுக்கு மேலே உள்ள ஏலக்காய்த் தோட்டத்துக்கு, காயெடுக்கும் பெண்களைப் போடியிலிருந்து ஏற்றிப்போவது அவர் வேலை. தோட்ட முதலாளி சோலைமலையின் மைத்துனர் ஒருநாள் தானே ஓட்டிப்போனபோது, கதவு திறந்து ஓடும் ஜீப்பிலிருந்து விழுந்து காலை ஒடித்துக்கொண்டார். உடனே முதலாளி, டிரைவர் பக்கத்துக் கதவோரம் ஒரு பொத்தான் வைக்கச் செய்தார். கதவு மூடியிருந்தால் அது அமுங்கியிருக்கும். திறந்தால் வெளியே துள்ளும், இன்ஜின் நின்றுவிடும்.

"அதுல கைய வச்சா மறுநாளே வேற டிரைவர்" என்றும் சொல்லிவிட்டார்.

மழை மாதங்களில் மேலே மூடுபனி இறங்கினால் முன்கண்ணாடியில் ஒன்றும் தெரியாது. கதவைக் கையகலம் திறந்து, சாலையோர வெள்ளைக் கற்களைக் குனிந்து பார்த்தபடி ஓட்டுவதுதான் காசிமாயனின் வழக்கம். இப்போது திறந்தவுடன் வண்டி நின்றது. வண்டி பின்னால் உருளாமலிருக்கப் பெண்கள் இறங்கிச் சக்கரத்துக்குக் கல் வைத்தார்கள். ஒரே காலையில் மூன்று தடவை.

"அண்ணே, நாங்க நடந்தே போயிர்றோம். நீங்க ஜீப்பத் தள்ளிக்கிட்டு வெரசா வாங்க" என்றாள் காயெடுக்கும் அன்னக்கொடி. பின்னால் சிரிப்பு எழுந்தது.

அன்று சாயங்காலம் காசிமாயன் பொத்தானை வெகுநேரம் அமுக்கி அமுக்கிப் பார்த்தார். பொத்தானைக் கம்பியால் கட்டினால் முதலாளி கண்டுபிடித்துவிடுவார். வண்டிக்குள் ஒரு பச்சை ஏலக்காய் கிடந்தது. பொத்தானை உள்ளே தள்ளி, பக்கத்துச் சந்தில் காயைச் செருகினார். அளவெடுத்தாற்போல் பொருந்தியது. இனிக் கதவு திறந்தாலும் பொத்தான் துள்ளாது. யார் பார்த்தாலும் சிந்திய காய் என்றுதான் நினைப்பார்கள்.

எட்டு நாள் வண்டி நிற்காமல் ஓடியது. ஒன்பதாம் நாள் பனியில், பாதி வளைவில், கதவு திறந்திருக்கும்போதே இன்ஜின் அணைந்தது. எதிர்பார்க்காததால் பிரேக்கை மிதிக்கத் தாமதமானது. பதினான்கு பெண்களோடு ஜீப் பின்னால் உருண்டு, ஓரத்துக் கல்லில் இடித்து நின்றது. கல்லுக்கு அப்பால் வெறும் பனி.

அன்னக்கொடி அவர் காலடியில் எதையோ பொறுக்கினாள். பொத்தான் சந்திலிருந்து விழுந்த காய், சூம்பிப்போயிருந்தது. துள்ளி நின்ற பொத்தானையும் பார்த்தாள்.

"காயி காஞ்சா சுருங்கும்னு தெரியாதாண்ணே? இத்தன வருசமா எதை லோடு ஏத்துறீங்க?"

காசிமாயன் அதை வாங்கிச் சட்டைப் பையில் போட்டார். அன்றே அந்தக் காயை முதலாளியின் மேசையில் வைத்தார்.

"கைய வச்சது நாந்தேன். அனுப்புறதுன்னா அனுப்புங்க. அதுக்கு முன்னால பனிக்குள்ள ஒருக்க நீங்க ஓட்டிப் பாருங்க மொதலாளி."

கோபத்தோடுதான் சோலைமலை மறுநாள் ஸ்டியரிங்கைப் பிடித்தார். பனி வந்தது. கண்ணாடியைத் துடைத்தார், கழுத்தை நீட்டினார். மூன்றாவது வளைவில் அவர் கை தானாகக் கதவுக்குப் போனது. இன்ஜின் நின்றது.

அவர் பிரேக்கை அழுத்தி மிதித்தார்.

"கல்லு வைக்கவா மொதலாளி?" என்றாள் பின்னால் பெண்களோடு இருந்த அன்னக்கொடி.

"வையி ஆத்தா" என்றார் அவர்.

அந்த வாரமே முதலாளி சொல்லி, மெக்கானிக் பொத்தானின் இணைப்பை மாற்றினார். கதவு திறந்தால் சிவப்பு பல்பு எரியும், இன்ஜின் நிற்காது. காசிமாயன் வேலையில் நீடித்தார். காயைச் செருகியதற்குத் திட்டு மட்டும் தனியாக விழுந்தது.

உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது வண்டிகளுக்கு இப்படிப் பொத்தான் செய்கிறார் என்றால், இந்தக் கதையை அவரிடம் சொல்லுங்கள். பொருத்துவதற்கு முன் ஒரு தடவை மூடுபனியில் மலையேறி வரச் சொல்லுங்கள்.