செல்வராணி 'சேத்துருங்க' என்றபோது

திங்கட்கிழமை அலுவலகத்தைத் திறந்துகொண்டிருந்தபோது செல்வராணியின் கணவர் அழைத்தார். "ராணி போயிட்டா அண்ணாச்சி" என்றார்.

செல்வராணியை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். கோவில்பட்டியில் நாங்கள் நான்கு பேர் தீப்பெட்டி ஆலைகளுக்கு சாஃப்ட்வேர் எழுதுகிறோம். அதில் பாதிக்குமேல் செல்வராணி எழுதியது. பெண்கள் ஆலை வேனில் ஏறும்போதே போனில் முகம் காட்டி வருகை பதியும் ஏற்பாட்டைப் போன ஆடியில் தொடங்கினார். ஆலையில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் சாஃப்ட்வேரைத் தொடாமல் தனிப் பிரதியில் எழுதி, முடிந்ததும் அதோடு சேர்ப்பதாகத் திட்டம். தைக்குள் சேர்த்துவிடுவோம் என்று ஆலைக்காரரிடம் வாக்குக் கொடுத்தவன் நான்.

தை வந்தது. "ஒரு நாளு வேன்ல போயிட்டு வந்து சொல்லுதேன்" என்று செல்வராணி கழுகுமலைப் பக்கம் போனார். திரும்பி வந்து தலையில் கை வைத்து உட்கார்ந்தார்.

"அங்கன ஒருத்திக்கு முடியலன்னா அவளுக்குப் பதிலா அவ நாத்தனாரு வாரா அண்ணாச்சி. வேலை கைவிட்டுப் போயிரக் கூடாதுல்லா? நம்ம போனு வேற ஆளுன்னு சொல்லி ஏத்த மாட்டேங்குது."

ஆலையில் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். ஏசி அறையில் உட்கார்ந்திருந்த எங்களுக்குத்தான் தெரியவில்லை.

பங்குனியிலும் சேர்க்கவில்லை. ஆலைக்காரர் என்னைப் பிடுங்க, நான் செல்வராணியிடம் கத்தினேன். "இன்னும் எத்தன மாசம் இழுப்பீங்க?"

"வேல கெடக்கட்டும் அண்ணாச்சி. ரோட்டுல ஆளு நிக்க வேண்டாம்" என்றார். எனக்கு அலுத்துவிட்டது.

பிறகு சிறுநீரகம் கெட்டுப் படுத்தார். படுக்கையிலும் மடிக்கணினியை விடவில்லை. போன வெள்ளிக்கிழமை செய்தி அனுப்பினார்: "இன்னும் முடிக்காததையெல்லாம் வெளிய எடுத்துட்டேன். ஆளு மாறி வந்தா குறிச்சுக்கிட்டு ஏத்தும், தடுக்காது. மிச்சத்தப் பெறகு பாத்துக்கிடலாம். சேத்துருங்க."

நான் நம்பவில்லை. என் நச்சரிப்புத் தாங்காமல், உடம்பும் முடியாமல் எழுதிவிட்டார் என்று நினைத்தேன். பதில்கூடப் போடவில்லை. சேருங்கள் சேருங்கள் என்று மாதக்கணக்கில் கத்தியவன், அவர் சரி என்றபோது சந்தேகப்பட்டேன். வெட்கமாக இருக்கிறது.

காரியமெல்லாம் முடிந்து வந்து, அவர் எழுதியதை வரிவரியாகப் படித்தேன். குறை சொல்ல ஒன்றுமில்லை. சேர்த்தேன்.

நேற்றுக் காலை கழுகுமலைச் சாலையில் வேன் நிற்கும் இடத்துக்குப் போனேன். "மதினிக்குக் காய்ச்சல்" என்றபடி ஒரு பெண் போன் முன்னால் முகம் காட்டினார். போன் குறித்துக்கொண்டது. அவர் ஏறி உட்கார்ந்து தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டார். வேன் கிளம்பிப் போனது.

ரோட்டில் யாரும் நிற்கவில்லை, செல்வராணி. அதை உங்களிடம் சொல்லத்தான் பிந்திவிட்டேன். போய் வாருங்கள்.