நிலவுக் கலத்துக்கு ஓர் அர்ச்சனை

பீளமேட்டில் எங்கள் முருகன் கோயிலுக்கு வளர்பிறை சஷ்டிதோறும் ஒருவர் வருவார். நீலச் சட்டை. நகக்கண்களில் எத்தனை கழுவினாலும் போகாத லேத் எண்ணெய்க் கறுப்பு. அர்ச்சனைக்கு நட்சத்திரம் மட்டும் சொல்வார். “பேரில்லாமலா?” என்று குருக்கள் கேட்டால் தலையைக் குனிந்துகொள்வார்.

பிள்ளை வரம் கேட்டு விரதம் இருக்கிறார் என்று நினைத்து, ஒருநாள் கேட்டேவிட்டேன்.

“ஏனுங்க, கொழந்தைக்குங்களா?”

“இல்லீங்கக்கா. நிலாவுக்கு அனுப்புன கலத்துக்குங்க. நான் சொல்றது அது எறங்குன நாளோட நட்சத்திரமுங்க. அதுல ஒரு வளையம் நான் கடைஞ்சதுங்க. அங்க ராத்திரியே ரெண்டு வாரமுங்க. குளுருல அணைஞ்சுபோச்சு. இந்த சஷ்டியை ஒட்டித்தான் அது நிக்கிற எடத்துல விடியுதுங்க.”

“இனி எந்திரிக்காதுன்னு டிவில சொல்லிப்போட்டாங்களே?”

“தெரியுமுங்க. சிக்னல் அனுப்பிக் கூப்புட்டவங்களும் நிறுத்திப்போட்டாங்க. விடியறப்ப ஒருத்தருமே கூப்புடலீன்னா எப்படீங்க?”

சொல்லிவிட்டுத் திருநீறு பூசிக்கொண்டு, பட்டறைக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினார்.

கோயிலில் யார் கண் கலங்கி நின்றாலும், முருகன் பார்த்துக்கொள்வான் என்று சொல்கிறவள் நான். அன்று அதை அவரிடம் சொல்லாமல், அவர் போனதும் சந்நிதியில் கைகூப்பி வெகுநேரம் நின்றேன். என்ன கேட்பதென்றுதான் தெரியவில்லை.