பேட்டரி இறங்கிய ஞாயிறு

தேயிலைத் தோட்டத்தில் வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்குக் கரண்ட் வராத காலம் அது. பன்னிரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே ஒரு கறுப்பு வெள்ளை டிவி, கடைசி வீட்டுக் காம்பராவில் இருந்தது. கார் பேட்டரியில்தான் ஓடும். பேட்டரி இறங்கினால் சாக்கில் சுற்றித் தோளில் வைத்து ஹாலிஎலை டவுனுக்குத் தூக்கிப்போய் சார்ஜ் ஏற்றிவர வேண்டும். எப்போதாவது ஒரு ஞாயிறு மத்தியானம் தமிழ்ப் படம் போடுவார்கள். மாரியம்மன் படத்துக்குப் பூ வைத்துக் கும்பிட்டுவிட்டு நானும் போய் உட்காருவேன்.

அந்த ஞாயிறு எனக்கு மனசே சரியில்லை. மகள் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் அஞ்சாம் வகுப்பு முடித்திருந்தாள். மேலே படிக்க பதுளைக்குத்தான் அனுப்ப வேண்டும். என் வீட்டுக்காரரின் அக்காவோ கொழும்பில் ஒரு வீட்டில் பிள்ளை பார்க்கும் வேலைக்கு அவளைப் பேசி வைத்திருந்தார். செவ்வாய்க்கிழமை வந்து கூட்டிப்போவதாக ஏற்பாடு. அவரை நான் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன்; கல்யாணமான நாளிலிருந்து அவர் சொன்ன எதையும் மறுத்தது கிடையாது.

படத்திலும் ஒரு தாய். பெரிய வீட்டில் வேலைக்கு விட்ட பிள்ளையைத் திருப்பிக் கூட்டிவர மழையில் நடந்து போகிறாள். உயரமான இரும்புக் கேட். நனைந்த கையை அதன்மேல் வைத்தாள். அப்போது படம் நாலு பக்கமும் சுருங்கத் தொடங்கியது. வீடு போனது, மழை போனது, அந்தக் கை மட்டும் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு அதுவும் ஒரு புள்ளியாகி அணைந்தது.

“நேத்து நியூஸ் பாத்தது யாரு? அவங்களே மிச்சக் கதைய சொல்லட்டும்,” என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

மறுநாள் மலையில் கொழுந்து எடுக்கும்போதும் அதே பேச்சுதான்.

“பயந்துகிட்டு திரும்பியிருப்பா.”

“அவ்வளவு தூரம் நனைஞ்சு போனவ ஏன் திரும்பணும்?”

“ஆமா, உள்ள போனாத்தானே தலை துவட்ட துணி கிடைக்கும்.”

எல்லோரும் சிரித்தார்கள். பனி இறங்கி அடுத்த தேயிலை நிரையில் நிற்கிறவள்கூட மறைந்துபோனாள். அந்த வெள்ளைக்குள்ளே எனக்கு அந்தக் கேட் தெரிந்தது. கொழுந்தைக் கிள்ளிய விரலில் இரும்பின் குளிர் இருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தத் தாய் அதைத் தள்ளினாள். கேட் சத்தமில்லாமல் திறந்தது.

செவ்வாய்க்கிழமை அண்ணி மகளுக்குப் புதுச் சட்டையோடு வந்தார். நான் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“புள்ளைய அனுப்பலைங்க அண்ணி. படிக்கட்டும்.”

“கொழுந்து எடுக்குறதுக்குப் படிப்பு எதுக்கு?”

“கொழுந்து எடுக்காம இருக்கத்தாங்க அண்ணி.”

அவர் தம்பியைப் பார்த்தார். “நீ என்னடா சொல்ற?”

என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டே, “அவதான் சொல்லிட்டாளேக்கா,” என்றார்.

அண்ணி ரெண்டு வருஷம் எங்கள் வாசல் மிதிக்கவில்லை. மகள் பதுளைக்குப் போய்ப் படித்தாள்.

லயத்துக்குக் கரண்ட் வந்து, மகள் டீச்சராகவும் ஆன பிறகு, பௌர்ணமிக்கு விடும் ஒரு போயா லீவில், நான் அடிக்கடி சொல்லும் அதே படத்தின் சீடியைத் தேடிக் கொண்டுவந்தாள். அந்தத் தாயின் சேலை பச்சை நிறம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. மழை வந்தது, கேட் வந்தது, கையும் வந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

அவள் கையை எடுத்துவிட்டு, வந்த வழியே திரும்பி நடந்தாள்.

மகள் என்னையே பார்த்தாள். “அப்ப யாரப் பாத்தும்மா உனக்கு தைரியம் வந்துச்சு?”

நான் எழுந்து போய் விளக்கேற்றினேன். அந்த ஞாயிறு சரியாக அந்த நிமிஷத்தில் பேட்டரியை இறக்கியது மாரியம்மாதான் என்று விளக்கு முன்னால் நின்று கும்பிட்டேன். இன்றைக்கும் அப்படித்தான் நம்புகிறேன்.

ஆனாலும் அந்தப் பச்சைச் சேலைக்காரி சில நாள் கனவில் வருகிறாள். மழையில் கேட்டைப் பார்த்தபடி நிற்கிறாள். நான் பக்கத்தில் போய்ச் சொல்கிறேன்: “தள்ளு தாயி. அது பூட்டியில்ல.”