கொக்கி இருந்த அறை

முதலில் என் எழுத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. மாவு மில்லில், கொண்டுவருகிறவர்களின் தூக்குகளிலும் டப்பாக்களிலும் சாக்கட்டியால் அடையாளம் போடுவதோடு சரி. வரி மேலும் கீழும் போகும். பெரிய ற எங்கே, சின்ன ர எங்கே என்பதில் இன்றைக்கும் தடுமாற்றம்தான். பேச்சும் எனக்கு அப்படித்தான். நாலு பேர் முன்னால் வாய் வராது. மில் ஓடுகிற சத்தத்தில் யாரும் என்னிடம் பேச்சை எதிர்பார்ப்பதில்லை. அதனாலேயே அந்த வேலையில் இத்தனை காலம் நின்றிருக்கிறேன்.

திருமயத்தில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஓர் அறக்கட்டளையின் லைன் வீடுகள் இருக்கின்றன. வசதியில்லாத குடும்பங்களுக்குப் பாதி வாடகைக்கு விடுவார்கள். முன்னால் கூடம், ஓரமாகச் சமையல்கட்டு, பின்னால் ஓர் அறை. இப்படி இருப்பவை பெரிய வீடுகள். வரிசையின் கடைசியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், ஒற்றை அறை வீடுகள். ரேஷன் கார்டில் மூன்று பேர் இருந்தால் பெரிய வீடு கிடைக்கும். அதற்குக் குறைந்தால் பின் அறை கூடுதல் என்று கணக்கு. முழு வாடகை கொடுக்க வேண்டும், இல்லையென்றால் கடைசி வீட்டுக்குப் போக வேண்டும்.

நாங்கள் மூன்று பேர்: நான், மனைவி, மகள். மகள் பிறந்தபோது பின் அறை உத்திரத்தில் நானே ஓர் இரும்புக் கொக்கி அடித்து, சேலையில் தொட்டில் கட்டினேன். அவள் வளர்ந்த பிறகு அந்தக் கொக்கியில் பள்ளிக்கூடப் பை தொங்கியது. அப்புறம் கண்ணாடி வளையல் மாட்டுகிற அட்டை தொங்கியது.

பக்கத்து வீட்டிலும் மூன்று பேர். ஆட்டோ ஓட்டுகிற அண்ணன், மதினி, அவர்கள் மகன். சொந்தமில்லை, பழக்கத்தில்தான் அண்ணன், மதினி. மகன் கத்தாரில் இருக்கிறான். பல வருஷமாக அவன் அந்த வீட்டில் படுத்ததில்லை. ஆனாலும் அவன் பெயர் கார்டில் இருந்தது. அறையைப் பூட்டி, உள்ளே அவன் அனுப்பிய கட்டிலும், புலிப்படம் போட்ட கம்பளியும், உறை பிரிக்காத மெத்தையும் வைத்திருந்தார்கள்.

மகளைக் கட்டிக்கொடுத்த அடுத்த மாதமே நான் தாலுகா ஆபீசுக்குப் போய் அவள் பெயரை எங்கள் கார்டிலிருந்து எடுத்தேன். எங்கள் பக்கம் அது பெண் வீட்டார் செய்கிற மரியாதை. இங்கே நீக்கினால்தான் மாப்பிள்ளை வீட்டுக் கார்டில் சேர்க்க முடியும். தாமதித்தால் மகளை விட மனமில்லை என்று பேசுவார்கள். அந்தச் சீட்டைச் சம்பந்தி வீட்டில் கொடுத்துவிட்டு, பெருமையாகக் காபி குடித்துவிட்டு வந்தேன். வீட்டுக் கணக்கில் ஒரு தலை குறைகிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அறக்கட்டளை மேனேஜருக்குத் தோன்றியது. ஆவணியில் கூப்பிட்டு அனுப்பினார். அதற்குள் மகள் முழுகாமல் இருக்கிறாள் என்று எங்களுக்குத் தெரியும். தலைப்பிரசவம், தாய் வீட்டில்தான் பார்க்க வேண்டும், அதைச் சொல்லிக் கேளுங்கள் என்று மனைவி என்னைப் பழக்கி அனுப்பினாள். ஆபீசில் நின்று பாதியைச் சொல்லிவிட்டேன்.

மேனேஜர் நல்ல மனிதர். உட்காரச் சொன்னார். "வரட்டுமே, யாரு வேணாம்கிறா? பிரசவத்துக்கு வர்ற பொண்ணு விருந்தாளிதானே. விருந்தாளிக்கெல்லாம் ரூம் கணக்கு வராதுங்க" என்றார்.

கத்தாரில் இருக்கிறவன் மட்டும் யார் என்று கேட்க வேண்டும் போலிருந்தது. சரிங்க என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.

கடைசி வீட்டுக்குச் சாமான்களைத் தூக்கியபோது அண்ணன்தான் ஆட்டோவை எடுத்து வந்து உதவினார். பீரோவின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டு, "சின்ன வீடுன்னா கூட்டிப் பெருக்க ஈசிப்பா" என்றார். கேலியாகச் சொல்லவில்லை. ஆனால் அவருடைய ஜன்னலில் அந்தப் பூட்டிய அறை எனக்குத் தெரிந்தது. பீரோவைப் போட்டுவிடலாமா என்றிருந்தது.

எங்கள் பழைய வீட்டுக்கு ஐந்து பேர் உள்ள குடும்பம் வந்தது. ஒருநாள் கதவு திறந்திருந்தபோது பார்த்தேன். என் கொக்கியில் வெங்காயப் பை தொங்கியது. அவர்கள்மேலும் எனக்குப் பொறாமை வந்தது, ஆனால் அது சீக்கிரம் போய்விட்டது. அவர்களுக்கு ஆட்கள் இருந்தார்கள். ஆள் இல்லாமல் அறை வைத்திருக்கிறவரைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. மிளகாய் அரைக்கும்போது கண் எரியும். அன்றெல்லாம் எரிச்சல் மிளகாயினாலா என்று எனக்கே தெரியாது.

தை மாதம் வளைகாப்புக்கு நாள் பார்த்த பிறகு சம்பந்தியம்மா எங்கள் வீட்டைப் பார்க்க வந்தார். வாசலில் நின்றபடியே உள்ளே முழுவதையும் பார்த்து முடித்துவிட்டார். அடுப்பு, பீரோ, பாய், எல்லாம் ஒரே பார்வையில் அடங்கிவிடும். மேலே சிமென்ட் ஷீட்டு. அதைத் தாங்கும் மெல்லிய குழாயில் தொட்டில் கட்ட யாருக்கும் தைரியம் வராது.

"பச்ச ஒடம்புக்காரிய எங்கிட்டு படுக்க வைப்பீங்க? பேசாம எங்க வீட்லயே பாத்துக்கிறமே" என்றார்.

மனைவி என்னைப் பார்த்தாள். நான் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தேன். தலைப்பிரசவத்தைப் பெற்றவர்கள் பார்க்கவில்லை என்றால் மகள் அந்த வீட்டில் அதைக் காலத்துக்கும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். அது அங்கே நின்ற எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

தொட்டியடியில் துணி அலசிக்கொண்டிருந்த மதினி நிமிர்ந்தார். "எங்க வீட்டு ரூமு சும்மாதான் பூட்டிக் கெடக்கு. அங்கிட்டு படுத்துக்கட்டும். ஏன் கொழுந்தனாரே, வாயில கொழுக்கட்டையா வச்சிருக்கீங்க? என்னையக் கேக்க வேண்டியதுதான?"

பிரசவத் தீட்டு என்று சொந்தத் தங்கைக்குக்கூட அறை கொடுக்கத் தயங்குகிற ஊர் இது. மதினி கொடுத்தார். மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் நன்றி சொன்னேனா என்று நினைவில்லை. எனக்கு அந்த நேரம் தோன்றியது, கொடுக்கிற அளவுக்கு இவர்களிடம் இருக்கிறதே என்பதுதான்.

மாசியில் பெரியாஸ்பத்திரியில் ஆண் குழந்தை பிறந்தது. மகளையும் பிள்ளையையும் ஆட்டோவிலேயே அழைத்து வந்தார் அண்ணன். ஆட்டோ அண்ணன் வீட்டு வாசலில் நின்றது. ஆரத்தியை மனைவி எடுத்தாள், ஆனால் மதினி வீட்டுத் தட்டில். தொட்டில் கட்ட என்னைத்தான் கூப்பிட்டார்கள். அந்த அறையிலும் உத்திரத்தில் ஒரு கொக்கி இருந்தது. என் பழைய அறைக்கு அடுத்த அறை அது, நடுவில் சுவர் மட்டும்தான். சுவருக்கு அந்தப் பக்கம் வெங்காயம் தொங்குகிறது, இந்தப் பக்கம் என் பேரன் தொங்குகிறான் என்று நினைத்துக்கொண்டே முடிச்சுப் போட்டேன்.

பார்க்க வந்த சொந்தக்காரர்கள் எல்லோரும் அந்த வாசலில்தான் செருப்பைக் கழற்றினார்கள். காப்பி டம்ளர் மதினியுடையது. குழந்தை அழுதால் முதலில் ஓடுவது மதினி. வரிசையின் கடைசியில் இருக்கும் எங்களுக்கு அந்தச் சத்தமே கேட்காது. பத்தியச் சோறு மட்டும் என் மனைவி ஆக்கித் தூக்குவாளியில் கொண்டுபோவாள், ஆஸ்பத்திரிக்குப் போகிற மாதிரி.

பங்குனியில் மேனேஜர் வீடுகளைப் பார்வையிட வந்தார். நான் குழந்தையைக் குளிப்பாட்ட வெந்நீர் எடுத்துக்கொண்டு போனபோது அவர் அண்ணன் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். அறைக்குள் தொட்டில் ஆடுவதைப் பார்த்துச் சிரித்தார்.

"என்ன, ரூம்ல ஆளு கூடிருச்சு போல?"

"ஆமா சார், வீடு நெறஞ்சு போச்சு" என்றார் அண்ணன்.

மேனேஜர் தலையாட்டிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார். என் மகள் அங்கே படுத்திருந்ததில் அண்ணனுடைய அறைக்கு ஆள் வந்துவிட்டது. அவள் என் கணக்கில் விருந்தாளி, அண்ணன் கணக்கில் ஆள். வெந்நீர்ப் பாத்திரம் கையைச் சுட்டது. கீழே வைக்க இடம் தேடினேன். அண்ணன் எழுந்து வந்து வாங்கிக்கொண்டார்.

ஆனியில் மாப்பிள்ளை வந்து அவளை அழைத்துப்போனார். புறப்படும்போது மகள் அண்ணன் மதினி காலில் விழுந்தாள். அந்த வீட்டு நிலைப்படியைத் தொட்டுக் கும்பிட்டாள். பிறகு பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள். உள்ளே எங்கே உட்காருவது என்று ஒரு கணம் நின்றாள். பீரோ ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"கொஞ்சம் தண்ணி தாங்கப்பா, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றாள்.

கொடுத்தேன். குடித்துவிட்டு டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள். வீட்டுப் பெண் டம்ளரைப் போட்ட இடத்தில் போட்டுவிட்டுத்தான் போவாள்.

அன்று சாயங்காலம் மதினி அறையைக் கூட்டி, மெத்தையை வெயிலில் காய வைத்து எடுத்து, மறுபடியும் பூட்டினார். பிள்ளை அழுகிற சத்தமே கேட்காத எனக்கு, பூட்டு மாட்டுகிற சத்தம் மட்டும் தொட்டியடி வரைக்கும் கேட்டது மாதிரி இருந்தது. இப்போதும் தண்ணீர் பிடிக்கப் போகும்போது அந்த ஜன்னலைப் பார்க்காமல் என்னால் வர முடியவில்லை. அவர்கள் எனக்குக் கெடுதல் ஒன்றும் செய்யவில்லை. அது தெரிந்தேதான் பார்க்கிறேன்.

எழுதி முடித்தது: ஆவணி 15, ஞாயிற்றுக்கிழமை, மில் விடுமுறை.