துரை பட்ட கஷ்டமும் முனியம்மாவின் சோறும்

இன்று தாப்பா டவுனிலிருந்து எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு லாரியில் திரும்பினேன். மலாயாவில் கம்யூனிஸ்டுகள் காட்டிலிருந்து சண்டை போடும் அவசரகாலம் என்பதால் முன்னும் பின்னும் ராணுவ வண்டிகள்.

பக்கத்தில் கொழுந்து பறிக்கும் முனியம்மா, ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்த மகளோடு உட்கார்ந்திருந்தாள்.

வழியில் ரிங்லெட் சோதனைச் சாவடியில் தமிழ்ப் போலீஸ்காரர் ஒருவர் அவள் தூக்குச்சட்டியைத் திறந்து பார்த்தார்.

"சோறு கொண்டு போகக் கூடாது. காட்டுல இருக்கிறவனுக்குப் போயிரும்."

"எம்மவளுக்குங்க. இங்கயே ஊட்டிடறேன்."

"லாரி நிக்காது லா."

சோற்றை மண்ணில் கொட்டினார். தோட்டப் பள்ளி வாத்தியாரான நானும் வாய் திறக்கவில்லை.

பின்னால் வந்த காரில் எங்கள் தோட்டத்தின் புது வெள்ளைக்கார துரை. மடியில் பிஸ்கட் டின். அந்தக் காருக்கு சல்யூட் மட்டும்தான்.

தோட்டத்தில் துரைக்கு மாலை போட்டோம். அவர் இங்கிலீஷில் பேசப் பேச, தோட்டத்து ஆபீஸ் குமாஸ்தாவான கிராணி தமிழில் சொன்னார்.

"துரை ஈப்போ வரைக்கும் பிளேன்ல வந்து, அங்கேருந்து ரோட்டுல உசுரைக் கையில புடிச்சிக்கிட்டு வந்தாராம். ரொம்பக் கஷ்டப்பட்டாராம்."

முனியம்மா எழுந்தாள்.

"வழியில அவரு பிஸ்கட்டையும் மண்ணுல கொட்டுனாங்களான்னு கேளுங்க கிராணி."

கிராணி துரையிடம் இங்கிலீஷில் சொன்னது இதுதான்: "இவள் உங்களுக்கு நன்றி சொல்கிறாள்."

துரை மகிழ்ந்து கை தட்டினார்.

கிராணி சொன்னதைத் திருத்தும் அளவுக்கு எனக்கும் கொஞ்சம் இங்கிலீஷ் தெரியும் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். உங்களுக்கு எப்படி?